நாற்பத்தெட்டு நாளில் முடியாத விரதம்

முதல் அறிகுறியை நான் பக்தி என்று நினைத்தேன்.

என் மகள் யாழினிக்குப் பதின்மூன்று வயது. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன், நாற்பத்தெட்டு நாள் ஒரு வேளைதான் சாப்பிடுவேன் என்றாள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெரியவர்களே பாதியில் களைத்துவிடுவார்கள். "சாமி காரியம்லா, குறுக்க நிக்காத," என்றார் கொழுந்து லோரி ஓட்டும் என் கணவர். நிற்கும் எண்ணம் எனக்கும் இல்லை. பெருமையாக இருந்தது.

பால்குடத்தோடு அவளைப் படமெடுத்து இணையத்தில் போட்டேன். "இளைச்சு அம்சமா இருக்கா" என்று உறவினர்கள் எழுதினார்கள். "அம்மாவுக்கும் அந்த விரதத்தச் சொல்லிக் குடு கண்ணு" என்று ஒருத்தி கேலி செய்தாள். நானும் சிரித்துப் பதில் போட்டேன்.

தைப்பூசம் முடிந்தது. விரதம் முடியவில்லை. செவ்வாய், வெள்ளி, கிருத்திகை என்று நாள்கள் சேர்ந்துகொண்டே போயின. இந்த மலைக்குளிரில் எல்லாரும் ஸ்வெட்டர் போடுவோம். அவள் இரண்டு போட்டாள். அதனால் உடம்பு தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவள் பாவாடை இடுப்பில் ஊக்கு குத்தியிருந்ததைத் துவைக்கும்போது பார்த்தவள் நான்தான். மாதவிலக்கு நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. வயதுக்கு வந்த புதிதில் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

பள்ளித் திடலில் மயங்கி விழுந்தாள். மலையிறங்கி ஈப்போ நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நாடித் துடிப்பு மிகக் குறைவாக இருந்தது. கைகளில் பூனைமுடி வளர்ந்திருந்தது (கொழுப்பு கரைந்த உடல், சூட்டைக் காக்கத் தானாக வளர்ப்பது). பசி மறுப்பு நோய் (மெலிந்த பிறகும் தான் பருமன் என்று நம்பி உணவை ஒதுக்கும் மனநோய்) என்றார் டாக்டர்.

அவள் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். கழுத்தெலும்பைக் காட்டும் பெண்கள், நாள் முழுக்கத் தின்றது இவ்வளவுதான் என்று தட்டைக் காட்டும் பெண்கள். வேறெதுவும் இல்லை.

"ஒண்ணு ரெண்டு பாத்திருப்பா. மீதியெல்லாம் ஃபோனே அதுவா கொண்டாந்து கொட்டிருக்கு," என்றார். பிறகு, "விரதம்னு நம்பிட்டீங்களா?"

"நம்பிட்டேன், டாக்டர்."

"நெறைய அம்மா நம்பிருக்காங்க." ஆறுதலுக்காகத்தான் சொன்னார்.

வார்டில் நான் அழுதுகொண்டே கேட்டேன்: "கண்டவங்க வீடியோவப் பாத்து ஒடம்பக் கெடுத்துக்கிட்டியேடி."

யாழினி சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "நீங்க போட்ட போட்டோவத்தான்மா அதிகமா பாத்தேன். அதுக்கு முன்னாடி என்னைய யாரும் அழகுன்னு சொன்னதில்ல."

மூக்கு வழியே குழாய் விட்டு, சிறுகச் சிறுக உணவு கொடுத்தார்கள். பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென நிறையக் கொடுத்தால் இதயம் நின்றுவிடக்கூடுமாம். ஐந்து வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இதே நிலையில் இருக்கும் அம்மாக்களுக்கு நம்பிக்கையாக ஏதாவது எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அந்தப் படத்தை அழித்துவிட்டேன். கைப்பேசியைக் கணவர் பூட்டி வைத்திருக்கிறார். எதுவும் மாறவில்லை. அரைக் கிண்ணம் கஞ்சிக்கு ஒன்றரை மணி நேரம் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். "சாப்பிடு" என்றால் தப்பு. பேசாமல் இருந்தாலும் தப்பு. அவள் முகத்தைப் பார்ப்பதா, கிண்ணத்தைப் பார்ப்பதா என்றுகூடத் தெரியவில்லை. என் பசி எனக்கு எப்போது நின்றது என்று நினைவில்லை.

புதன்கிழமைதோறும் எடை பார்க்கிறோம். மூன்று புதன்களாக இறங்குகிறது. அடுத்ததும் இறங்கினால் மறுபடி ஈப்போ, மறுபடி குழாய். மற்ற கிழமைகள் எனக்கு இல்லாமல் போய்விட்டன.

தோட்டத்துப் பாலர் பள்ளியில் நான் ஆசிரியை. சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகள் வரிசையாகக் கை நீட்டுவார்கள், கழுவிவிடுவேன். இப்போது என் கட்டைவிரலும் நடுவிரலும் ஒவ்வொரு மணிக்கட்டையும் தாமாகச் சுற்றி அளக்கின்றன. நேற்று ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியின் கையில், யாழினியின் கையில் சேரும் அதே இடத்தில் விரல்கள் சேர்ந்தன. பிடித்தபடியே நின்றுவிட்டேன்.

"விடுங்க டீச்சர்," என்றாள் அவள். "பசிக்குதுலா."