சோளக்குருவியின் நிறம்

2006-ம் வருடம், மே மாதக் கடைசி. அப்போது நான் திருப்பூரை ஒட்டிய முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் நம் ஊர்த் தையல் மெஷினுக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை அது. வாங்கிய திட்டை வட்டியோடு திருப்பிக் கொடுப்பதில் நானும் சளைத்தவள் இல்லை என்று ஆபீஸில் பேர்.

எங்கள் பையர்களில் ஒருவர் கிரேக்க நாட்டின் ஒரு தீவில் இருந்தார். மத்தியதரைக் கடல் பக்கம், துருக்கிக் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், டீ-ஷர்ட் மொத்த வியாபாரம். அடுத்த வருட சீசனுக்கு ஒரு புது ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார். உடம்பு முழுக்க ரோஸ், கையும் காலரும் கறுப்பு. நெஞ்சில் என்ன படம் வரப்போகிறது என்று மட்டும் சொல்லவில்லை, யாராவது காப்பி அடித்துவிடுவார்களாம். இந்த நிறத்தில் சட்டை தைத்தால் எவன் போடுவான் என்று நாங்கள் சிரித்தோம். சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது, ஏனென்றால் அந்த ரோஸ் அமையவே இல்லை.

துணி மொத்தத்தையும் சாயம் போடுவதற்கு முன்னால், உள்ளங்கை அளவு துண்டு ஒன்றுக்கு மட்டும் சாயம் ஏற்றி பையருக்கு அனுப்புவோம். அதற்கு லேப் டிப் என்று பெயர். அவர் ஓகே சொன்னால்தான் அடுத்த வேலை. இவர் ஒரு சதுரக் கலர் காகிதத்தை அனுப்பி, இதே நிறம் வேண்டும் என்றார். போட்டு அனுப்பினோம். நன்றாக இருக்கிறது, ஆனால் இது இல்லை என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினோம், மறுபடியும் அதே பதில். சாயம் போடுகிற எங்கள் டையிங் மாஸ்டர் தூத்துக்குடிக்காரர். தொழிலில் கெட்டிக்காரர், ரோஷமும் அதே அளவுக்கு உண்டு. "மேடம், நான் போடாத ரோஸ் இனி ரோசாச் செடியிலயும் கெடையாது. அந்தாளக் கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்று கையிலிருந்த கிளவுஸைக் கழற்றி வீசிவிட்டுப் போய்விட்டார்.

கடைசியாக ஒரு மெயில் வந்தது. இந்த முறையும் அமையாவிட்டால் ஆர்டரைத் துருக்கியில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவேன் என்று எழுதியிருந்தார். சொல்லப்போனால், அவர் ஜன்னலைத் திறந்தாலே தெரிகிற ஊர் அது.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் முதலாளி ஐரோப்பாவில் ஒரு கண்காட்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கூடப் போக எனக்கும் விசா எடுத்திருந்தார்கள். கிளம்புகிற நேரத்தில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, கட்டிலை விட்டு எழ முடியவில்லை. என்னை வரச் சொல்லி, படுத்தபடியே, "அம்மணி, நீங்களே போயிட்டு வந்துருங்க. அந்தத் தீவுக்கும் ஒரு எட்டுப் போயிருங்க. ஓகே வாங்காம மட்டும் வந்துராதீங்க" என்றார். எங்கள் ஆபீஸிலிருந்து ஒரு பெண் தனியாக வெளிநாடு போவது அதுதான் முதல் தடவை. பெருமையாக இருந்தது.

கண்காட்சியை முடித்துக்கொண்டு அந்தத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தேன். பையர் வயதானவர், நல்ல மனிதர்தான். காபி கொடுத்தார். நான் கொண்டுபோன டிப்புகளை மேஜையில் பரப்பிவைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். ஆட்டிய தலை ஒரு தடவைகூட மேலும் கீழுமாக ஆடவில்லை. என்ன குறை என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை, ஆனால் உயிர் இல்லை என்றார். துணிக்கு உயிர் வேண்டுமாமே என்று எனக்கு உள்ளே கொதித்தது.

அந்த நேரம் அவர் போன் அடித்தது. பேசப் பேச மனிதர் முகம் தீபாவளிக் குழந்தை முகமாக ஆகிவிட்டது. மேஜை டிராயரிலிருந்து பைனாகுலரை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வா, வா, உடனே போக வேண்டும் என்றார். என் டிப்புகள் மேஜையிலேயே கிடந்தன. கடல் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கிறேன், இந்த ஆளுக்கு விளையாட்டாக இருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஃபைலில் அள்ளிப் போட்டுக் காரில் ஏறினேன்.

போகிற வழியில்தான் விஷயம் தெரிந்தது. வசந்த காலத்தில் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வடக்கே போகிற பறவைகள் அந்தத் தீவில் இறங்கி இளைப்பாறுமாம். அதைப் பார்க்க ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவார்களாம். அவருடைய டீ-ஷர்ட் வியாபாரமே அவர்களை நம்பித்தான். இப்போது ஓர் அபூர்வப் பறவை வந்திருக்கிறது, எல்லா வருடமும் வராது, வந்தாலும் சில நாள்தான் தங்கும் என்றார். மயில் மாதிரி ஏதோ ஒன்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓர் ஊர் எல்லையில் மல்பெரி மரங்கள். நம் பக்கம் பட்டுப்புழுவுக்குச் செடியாக வைப்போமே, அது அங்கே பெரிய மரமாக நின்று பழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு கூட்டம். பெரும்பாலும் நரைத்த தலைகள். முக்காலியில் வைத்த டெலஸ்கோப்புகள். கோயிலில் நடை திறக்கக் காத்திருப்பவர்களைப் போல யாரும் மூச்சு விடவில்லை. பையர் ஒரு டெலஸ்கோப்பைச் சரிசெய்து என்னைப் பார்க்கச் சொன்னார்.

கண்ணை வைத்தேன். மரத்தில் எங்கள் சாம்பிள் உட்கார்ந்திருந்தது! உடம்பு ரோஸ், இறக்கை கறுப்பு, தலை கறுப்பு; பக்கத்துக் கிளைகளிலும் அதே மாதிரி. அடுத்த நொடி அது கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு கரகரவென்று கத்தியது. அந்தக் கத்தலைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட, இது நம்ம சோளக்குருவி!

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கூட்டம் மொத்தமும் திரும்பி உதட்டில் விரல் வைத்தது. பையருக்குக் கோபம். எனக்கோ சிரிப்பு அடங்கவில்லை. மெதுவாக அவர் காதில் சொன்னேன். எங்கள் தோட்டம் பல்லடம் பக்கத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் இந்தக் குருவிகள் கூட்டம் கூட்டமாக வந்து சோளக்காட்டில் இறங்கும். அப்பா டப்பாவைத் தட்டிக்கொண்டு ஒரு வரப்பில் ஓடுவார், நான் கவண் வில்லோடு இன்னொரு வரப்பில் ஓடுவேன். சித்திரை வெயில் ஏறுவதற்குள் அவை போய்விடும். எங்கே போகின்றன என்று எங்கள் ஊரில் ஒருவரும் கேட்டதில்லை, போனால் சரி என்று இருப்போம்.

அவருடைய கோபம் போன இடம் தெரியவில்லை. பிறகு பக்கத்திலிருந்த அம்மாவிடம் ஏதோ சொன்னார், அந்த அம்மா அடுத்தவரிடம் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பாதிக் கூட்டம் மரத்தை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்றது. இவை குளிர்காலத்தை இந்தியாவில் கழிக்கும் என்று அவர்கள் எல்லோரும் புத்தகத்தில் படித்திருந்தார்கள். ஆனால் அப்படி ஒரு சோளக்காட்டிலிருந்து வந்த ஆளை யாரும் பார்த்ததில்லை. கூட்டம் எவ்வளவு பெரியதாக இருக்கும், சாயங்காலம் எங்கே அடையும், உங்கள் மொழியில் பெயர் என்ன என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். அடையப் போகும்போது கூட்டம் வானத்தில் எப்படி வளையும் என்று துப்பட்டாவை வீசிக் காட்டினேன். டப்பாத் தட்டுகிற கதையைச் சொன்னபோது சிலர் சிரித்தார்கள், ஒரு பெரியவர் மட்டும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. பையரிடம் கேட்டேன், நீங்கள் தேடுகிற ரோஸ் இந்தக் குருவியின் நிறம்தானா? வெட்கத்தோடு ஆமாம் என்றார். அந்தக் கலர் காகிதம், யாரோ எடுத்த போட்டோவிலிருந்து அச்சடித்தது. அப்படியானால் உங்கள் காகிதமே தப்பு என்றேன். ஃபைலை அங்கேயே பிரித்து டிப்புகளைக் கல் சுவரின் மேல் வரிசையாக வைத்தேன். வெயிலில், டெலஸ்கோப்பில் ஒரு கண்ணும் துணியில் ஒரு கண்ணுமாகப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்துப் போட்ட எல்லாவற்றிலும் நீலம் ஏறியிருந்தது. குருவியின் ரோஸில் நீலமே இல்லை. லேசான ஒரு மஞ்சள், கொஞ்சம் மண் வாசம்.

அந்த ரோஸ் எனக்குத் தெரியும். மாசி மாதம் எங்கள் களத்தில் சின்ன வெங்காயம் குவித்துக் காய வைத்திருக்கும்போது இந்தக் குருவிகள் குவியல்மேல் வந்து உட்காரும். அப்போது கறுப்புத் தலையும் கறுப்பு இறக்கையும் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், உடம்பு வெங்காயத்தோடு வெங்காயமாகக் கலந்துவிடும். சின்ன வெங்காயத்தின் மேல்தோலை வெயிலுக்கு நேரே பிடித்தால் தெரிகிற நிறம் அது.

வாய் சும்மா இருக்குமா? இந்தப் பறவைகள் இந்த மரத்தை விட்டுப் போவதற்குள் சரியான நிறம் உங்கள் கைக்கு வரும், மரத்தடியிலேயே வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். பழம் இருக்கிறவரைதான் இருக்கும் என்றார் அவர். அதுவரை ஆர்டரை நிறுத்தி வைக்க ஒத்துக்கொண்டார். விமானத்தில் உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது. குருவியை நம்பிக் கெடு வாங்கிய ஒரே மெர்ச்சண்டைசர் திருப்பூரில் நானாகத்தான் இருப்பேன்.

கோவையில் இறங்கி நேராகத் தோட்டத்துக்குப் போனேன். வந்ததும் வராததுமாகப் வெங்காயம் அடைத்து வைக்கிற பட்டறையிலிருந்து ஒரு பை வேண்டும் என்று கேட்ட மகளை அப்பா விநோதமாகப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அங்கயும் சோளம் வெதைக்கறாங்களா சாமி?"

"இல்லீங்கப்பா. பழம் திங்க வருதுங்க. அதயப் பாக்கறதுக்கு ஜனம் ஏரோப்ளேன் ஏறி வருதுங்க."

"காட்ட வுட்டு முடுக்கியுடறதுக்கு அங்க ஆளே இல்லியாக்கு?" என்றார். பிறகு, "நாம டப்பாத் தட்டித் தொரத்துன சனியனுக்கு வந்த வாழ்வப் பாரு கண்ணு!" என்று சிரித்தார். நல்ல நிறமாகப் பார்த்து அவரே ஒரு பை நிறையப் பொறுக்கிக் கொடுத்தார்.

டையிங் மாஸ்டர் மேஜையில் வெங்காயத்தைக் கொட்டினேன். "சாம்பாருக்கா மேடம்?" என்றார். தோலை உரித்து ஜன்னல் வெயிலில் பிடித்துக் காட்டினேன். அவர் முகத்திலிருந்த கேலி போய்விட்டது. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத மொதல்லயே காட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்லா. காகிதத்தப் பாத்து எப்படி மேடம் சாயம் போட?" என்று சொல்லிக்கொண்டே கிளவுஸை மாட்டினார். லேப் முழுக்க வெங்காய வாடை. யாரையும் கிட்டே விடவில்லை. ட்யூப் லைட்டில் ஒரு முறை, மொட்டை மாடி வெயிலில் ஒரு முறை என்று ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு துண்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பார்த்ததும் எனக்கு அந்தக் கரகரச் சத்தமே கேட்டது.

கூரியர் போய்ச் சேருவதற்குள் எங்கள் உயிர் போய் வந்தது. பையர் தினமும் மெயில் போடுவார், இன்னும் இருக்கின்றன, ஆனால் பழம் குறைந்துவிட்டது என்று. முதலாளி முதுகு வலியோடு ஆபீஸுக்கு வந்து, குட்மார்னிங்குக்குப் பதிலாக, "ஏனுங்க அம்மணி, குருவி இருக்குதுங்களா?" என்று கேட்பார். பேக்கிங் செக்ஷன் பெண்கள் வரைக்கும் அதே கேள்விதான். கண்ணால் பார்க்காத ஒரு மரத்தின் பழம் தீர்ந்துவிடக் கூடாது என்று ஒரு கம்பெனியே வேண்டிக்கொண்டது.

பிறகு ஒரு மத்தியானம் மெயில் வந்தது. அதிகம் எழுதவில்லை. காலையில் துணி கைக்கு வந்ததாம், உடனே மரத்தடிக்கு ஓடினாராம். கடைசியாக நாலைந்து குருவிகள்தான் இருந்தனவாம், அது போதுமாக இருந்ததாம். கீழே அப்ரூவல். கலர் பெயர் என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் ‘சோளம்’ என்று இருந்தது. அன்று மரத்தடியில் நான் சொன்ன பெயரில் அவர் வாயில் நுழைந்தது அவ்வளவுதான் போலிருக்கிறது. ஓடிப்போய் மாஸ்டரிடம் காட்டினேன். "சோளம் எந்த ஊர்ல மேடம் ரோஸ் கலர்ல வெளையுது?" என்று கேட்டவர், சட்டென்று திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைக்கவே இல்லை, அழுதுவிட்டேன்.

சரக்கு கிளம்பிய அன்று பேக்கிங் செக்ஷனில் போய் நின்றேன். கூரை வரை அடுக்கிய அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் கலர்: சோளம். லோடு ஏற்றுகிறவர்கள், "சோளம் நாலு ஏத்து, சோளம் இன்னும் நாலு ஏத்து" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ ஆர்டர் பார்த்தாயிற்று, அன்றைக்குப் போல நெஞ்சு நிமிர்ந்து நின்றதில்லை. அதுவரை வெளியூரில் யார் கேட்டாலும், கோயமுத்தூர்ப் பக்கம் என்று சொல்லி முடித்துவிடுவேன். இப்போது எந்த நாட்டுக்காரர் கேட்டாலும் முதலில் எங்கள் சோளக்காட்டைச் சொல்கிறேன், அதற்கப்புறம்தான் என் பெயரைச் சொல்கிறேன்.