காத்தடிச்ச நாளில் ஆந்தை தேடினேன்

பறவைப் படம் பிடிக்கிற வேலையில கழுத்து வலி நிச்சயம், பறவை நிச்சயமில்லை. கண்ணால பார்த்தேன்னு நாம சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்கங்கிறது அதைவிட நிச்சயம். இந்தக் கிறுக்கு பிடிச்சு அலையுற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் பாளையங்கோட்டைக்காரி. மக பிரசவத்துக்காக மூணு மாச விசிட் விசாவுல சவூதியில இருக்கிற அல் கோபாருக்கு வந்தவ. பேத்தி தூங்குற நேரத்துல அடுக்களை சன்னல்ல ஒரு சின்னான் குருவி வந்து உக்காரும். ரெண்டு கன்னத்துலயும் பவுடரைத் திட்டா அப்பின மாதிரி வெள்ளை. அதைப் படம் பிடிக்கத்தான் மாப்பிள்ளையோட கேமராவை எடுத்தேன். கல்யாணமான புதுசுல ஆசையா வாங்கினது, அப்புறம் அலமாரியிலேயே கிடந்துச்சு. நான் எடுக்கிற படத்தைப் பார்த்துட்டு மாப்பிள்ளையே ஒரு பெரிய லென்ஸை இரவல் வாங்கித் தந்து, வெள்ளிக்கிழமை லீவையும் எனக்கே குடுத்து, பார்க் பார்க்கா கூட்டிட்டுப் போனாவ. இப்படி ஒரு மாப்பிள்ளை எத்தனை மாமியாருக்குக் கிடைக்கும், நீங்களே சொல்லுங்க.

படம் எங்க?

ஊருக்குக் கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது, திங்கக்கிழமை சாயந்திரம், பேத்தியைத் தள்ளுவண்டியில வச்சு பார்க்குல நடந்துட்டிருந்தேன். ஒரு மரத்துல, கொம்போட கொம்பா ஒட்டிக்கிட்டு ஒரு குட்டி ஆந்தை. என் கை அளவு இருக்கும். மரப்பட்டை நிறம், தலையில காது மாதிரி ரெண்டு தூக்கல். வசந்தத்துல வடக்கே போற வழியில ரெண்டு நாள் தங்கிட்டுப் போற ஜாதி, லேசுல யார் கண்ணுலயும் படாது. என் கேமரா வீட்டுல தூங்குது. வீட்டுக்கு வந்ததும் வராததுமா, இங்கத்த தமிழ்ப் பறவைக்காரங்க வாட்ஸப் குரூப்புல போட்டேன், ஆந்தை பார்த்தேன்னு.

குரூப்புக்குத் தலைவர் செந்தில் தம்பி. பக்கத்து ஊரு தம்மாம்ல இன்ஜினியர், முப்பத்தஞ்சு வயசு, குருவிக்கெல்லாம் லத்தீன் பேர் சொல்லும். நல்ல பிள்ளைதான். ஆனா என்னை நம்பலை. நான் முப்பது வருஷம் போஸ்ட் ஆபீஸ் கவுண்டர்ல இருந்தவ, என் சொல்லை ஒருத்தரும் சந்தேகப்பட்டதில்லை. ஒரே ஒரு தடவை ஒரு மாம்பழப் பார்சல் விஷயத்துல பேச்சு வந்துச்சு, அதுல தப்பு மாம்பழத்து மேல. அப்படிப்பட்டவளுக்கு அந்தத் தம்பி குரூப்புல எல்லாருக்கும் தெரியுற மாதிரி எழுதினது இது: "ஆச்சி, படம் இல்லைன்னா அது ஆந்தை இல்லை, மரப்பட்டை."

ஞாயித்துக்கிழமை பிளேன். நடுவுல ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. பொய்க்காரின்னு பேர் வாங்கிட்டு ஊர் போய்ச் சேரக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

அபாயாவும் ஷமாலும்

செவ்வாய்க்கிழமை பிடிச்ச காத்து வெள்ளிக்கிழமையும் விடலை. வடக்கேருந்து மண்ணை வாரிக்கிட்டு வருது, ஷமால்னு சொல்லுதாங்க. மக போக வேண்டாம்னா. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். ஏன்னா இந்த எதிர்க்காத்துல வடக்கே போற பறவை ஒண்ணும் நகர முடியாது. என் ஆந்தையும் போயிருக்காது.

பார்க் வாசல்ல கார்லேருந்து இறங்கினேன் பாருங்க, மேல போட்டிருந்த கறுப்பு அங்கி, அந்த அபாயாவுக்குள்ள காத்து பூந்து என்னைப் பாய்மரக் கப்பல் மாதிரி ஆக்கிட்டு. ஒரு கையில கேமரா, ஒரு கையில பை. நான் நிக்கேன், என் கால் போகுது. மாப்பிள்ளைக்கு மாமியாரைத் தொட்டுப் பிடிக்கவும் கூச்சம், விடவும் பயம். கேமரா வாரை மட்டும் ரெண்டு விரலால பிடிச்சுக்கிட்டு, மாட்டைக் கட்டி இழுக்கிற மாதிரி வேலி ஓரமா கொண்டுபோய் நிறுத்தினாவ. மூச்சு வாங்கிட்டுச் சொன்னாவ: "அத்தை, அப்படியே கையை விரிச்சு நின்னுருந்தா ஞாயித்துக்கிழமை டிக்கெட்டே தேவைப்பட்டிருக்காது."

இட்லி அரிசி

திங்கக்கிழமை பார்த்த கொம்பு காலி. மனசு விட்டுப்போச்சு. ஆனா பார்க் பூராவும் பறவை. கம்பி வரிசையில பஞ்சுருட்டான் பதினஞ்சு இருபது, எல்லாம் காத்துக்கு முகத்தைக் குடுத்து, வால் தூக்கிக்கிட்டு, பஸ்ஸுல தொங்குறவங்க மாதிரி. புல் தரையில ஒரு பனங்காடை. நீலம்னா அப்படி ஒரு நீலம், என் கல்யாணத்துக்கு எங்க சித்தி கட்டியிருந்த பட்டுதான் அந்த நிறம். அந்தப் பட்டுல சாம்பார் கொட்டினது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுல தீரலை.

காத்துல கை ஆடும்னு லென்ஸைத் தாங்க ஒரு துணிப்பை கொண்டுபோயிருந்தேன். உள்ள அரிசி ரொப்பி வாயைத் தச்சது. பெஞ்சுல வச்சு அது மேல லென்ஸைச் சாய்ச்சா ஆடாது. முந்தின நாள் கையில கிடைச்ச டப்பாவுலேருந்து அள்ளித் தச்சுட்டேன், எந்த டப்பான்னு பாக்கலை. பனங்காடை கழுத்தைத் திருப்புற நேரத்துல போன் அடிக்குது. எடுத்தா மக: "அம்மா, ஊறப்போட இட்லி அரிசியைக் காணோம். ஆந்தைக்கு இட்லி சுடப் போறியா?"

செடிக்குப் பின்னால ஒரு குடும்பம்

ஒரு செடிக்குள்ள ஏதோ அசைஞ்சுது. லென்ஸைத் திருப்பி மடமடன்னு படம் எடுத்தேன். செடிக்கு அந்தப் பக்கம் ஒரு சவூதி குடும்பம் பாய் விரிச்சு, காத்து படாம டீ குடிச்சுக்கிட்டிருந்தது எனக்குத் தெரியலை. பொம்பளைங்க இருக்கிற இடத்துப் பக்கம் கேமராவைத் திருப்பினா இந்த ஊர்ல சும்மா விடுவாங்களா? அந்த வீட்டு ஆம்பளை எந்திரிச்சு நேரா வந்தார். சத்தம் போடலை, ஆனா முகம் சிரிக்கலை. கேமராவை அப்படியே அவர் கையில குடுத்துட்டேன்.

மாப்பிள்ளை ஓடி வந்து அரபியில எடுத்துச் சொன்னாவ. அவர் ஒவ்வொரு படமா தள்ளிப் பார்த்தார். சின்னான், புறா, சின்னான், என் பெருவிரல், சின்னான். நாலாவது சின்னான்ல அவருக்கே சிரிப்பு வந்துட்டு. கேமராவைக் கொண்டுபோய் அவங்க அம்மாட்ட காட்டினார். எனக்கு மேல வயசு இருக்கும். என் கையைப் பிடிச்சுப் பக்கத்துல உக்கார வச்சு, டீயும் பேரீச்சம்பழமும் தந்து, படத்தைப் பார்த்து ஏதோ கேட்டாங்க. மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கிட்டுத் தமிழ்ல சொன்னது: "இது எங்க வீட்டு ஏசிப் பெட்டி மேல தினமும் உக்காருதே, இதைப் பாக்கவா இந்தியாவுலேருந்து வந்தீங்கன்னு கேக்காங்க அத்தை."

முனியசாமி

பத்து மணிக்கு மேல, தண்ணிக் குழாயைச் சுருட்டிக்கிட்டிருந்த முனியசாமி என்னைக் கூப்பிட்டான். முதுகுளத்தூர் பக்கத்துக்காரன், பார்க் காண்ட்ராக்ட்ல செடி பராமரிக்கிற வேலை, வெள்ளிக்கிழமையும் டூட்டி. மூணு மாசமா எனக்கு எந்தச் செடியில எது இருக்குன்னு காட்டினதே அவன்தான். "நீங்க தேடுறது இடம் மாறிருச்சும்மா"ன்னு முன்னால நடந்தான். காத்து படாத பக்கம் இன்னொரு மரம். என்ன மரம்னு இங்க எழுதப் போறதில்லை. அண்ணாந்து பார்த்தா என் ஆந்தை. ஒரு கண்ணை மட்டும் கோடு மாதிரி திறந்து என்னைப் பார்த்துட்டு மூடிக்கிட்டு. இலை விலகி ஒரு நிமிசம் காத்து ஓய்ஞ்சுது. மூணு படம். ரெண்டு கலங்கல், ஒண்ணு அச்சு மாதிரி. நெஞ்சுல இருக்கிற ஒவ்வொரு கோடும் தெரியுது.

குரூப்புல போடப் போனை எடுத்தேன். முனியசாமி தயங்கித் தயங்கி நிக்கான். போன வருசமும் இதே மரத்துக்குத்தான் வந்துச்சாம். எங்கேருந்தோ சேதி தெரிஞ்சு கேமராக்காரங்க வந்து சுத்தி நின்னாங்களாம், ஆந்தை திரும்பிப் பாக்கலைன்னு ஒருத்தர் கல்லை எறிஞ்சாராம். அது பகல்ல பறந்து, காக்கா துரத்தி, அப்புறம் காணவே இல்லையாம். இந்த வாரம் அது இங்க வந்ததுலேருந்து அவன் அந்த மரத்தடியில சருகு ஊதுற மெசினைப் போடலையாம், விளக்குமாத்தாலயே பெருக்கியிருக்கான். அவன் ரூம்ல எட்டுப் பேர், ரெண்டு சிப்ட். ராத்திரி வேலைக்காரங்க கட்டில்ல பெட்ஷீட்டைத் திரையா கட்டிக்கிட்டுப் பகல்ல தூங்குவாங்க. யாரும் லைட் போட மாட்டாங்க, வெளிய போய்த்தான் போன் பேசுவாங்க. அவன் சொன்னது: "நைட் டூட்டிக்காரனை எங்க ரூம்ல யாரும் எழுப்ப மாட்டோம்மா. இதும் ராத்திரி பூரா பறந்து வந்ததுதானே, தூங்கிட்டுப் போகட்டும்."

செந்தில் தம்பி

சொல்லி வாய் மூடலை, செந்தில் தம்பி கேட் பக்கம் வருது. என்னை வழியனுப்பத்தான் அந்த மண்ணுலயும் காத்துலயும் தம்மாம்லேருந்து வந்திருக்கு. "என்ன ஆச்சி, ஆந்தை கிடைச்சுதா?" என் கேமராவுல படம் சூடா இருக்கு. ஒரு பட்டனை அமுக்கிக் காட்டினா போதும், என் மானம் எனக்கு வந்துரும். காட்டினா குரூப்புக்குப் போகும், குரூப்பு இங்க வரும். இப்ப வராட்டி அடுத்த வருசம் வரும். நான் கேமராவை அணைச்சேன். "இல்லைய்யா, நீ சொன்னதுதான் சரி. பட்டைதான்"னேன். முப்பது வருசம் கவுண்டர்ல சொல்லாத பொய்.

அது சிரிக்கும், கேலி பண்ணும்னு நினைச்சேன். பண்ணலை. முகம் வாடிப்போச்சு. ஆச்சிக்கு ஆந்தை கிடைக்கணும்னு உள்ளுக்குள்ள ஆசைப்பட்டிருக்கு போல. என் தோள்லேருந்த பையை வாங்கித் தன் தோள்ல மாட்டிக்கிட்டு, காத்து என் மேல படாம முன்னால நடந்துச்சு. கார்க் கதவைத் திறந்துவிட்டுச் சொன்னது: "விடுங்க ஆச்சி, இந்த மண்காத்துல எனக்கே ஒட்டகம் ஆடு மாதிரித்தான் தெரியுது."

உள்ளதைச் சொன்னப்ப பொய்க்காரின்னு பேர் வாங்கினேன், இல்லாததைச் சொன்னப்ப பையைத் தூக்கிக்கிட்டு கார் வரைக்கும் கொண்டுவந்து விட்டாங்க; இந்த ரெண்டையும் சேர்த்து மூணு மாசத்துல எனக்குக் கிடைச்ச அத்தனைக்கும் நன்றி சொல்லிட்டுத்தான் பிளேன் ஏறினேன்.