பவளத்தின் மேல் மணல்

எங்கள் சித்தப்பா எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டார். ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் வேலை. வீட்டுக்கு வாங்கும் தக்காளியைக்கூட ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் பெங்களூரில் வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர் சொன்னதை மட்டும் அப்படியே நம்பினார். "இந்த மீனு பவளத்தத் தொடவே தொடாது சார்."

ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். ஹாலில் சித்தப்பாவின் கண்ணாடித் தொட்டி. கேன் தண்ணீரில் உப்புப் பாக்கெட்டைக் கரைத்து ஒரு குட்டிக் கடலையே செய்து வைத்திருந்தார். அடியில் வெள்ளை மணல், அதன்மேல் பாறைகள், பாறைகளில் பவளங்கள். பார்த்தால் பூப்போட்ட கல் போலிருக்கும், ஆனால் உயிருள்ளவை. மேலே மணல் விழுந்து நாலு நாள் அப்படியே கிடந்தால் அழுகிப்போகும். கல்யாணமாகி வந்த புதிதில் சித்தி, "குடிக்க வாங்கற தண்ணியில பாதிய இதுக்கே ஊத்திடறீங்களே" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சித்தப்பா சிரிப்பை மறந்துவிட்டார், சொன்னதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்.

புது மீன் வெள்ளையாக, ஆரஞ்சுப் புள்ளிகளோடு இருந்தது. யாராவது கிட்டே போனால் பாறைக்கு அடியில் ஓடிவிடும். அது வந்த மூன்றாம் நாள் சாயங்காலம், பவளத்தின் மேல் மணல் குவிந்து கிடந்தது. சித்தப்பா சிரிஞ்சால் தண்ணீரைப் பீய்ச்சிச் சுத்தம் செய்தார். மறுநாளும் மணல். அதற்கு அடுத்த நாளும்.

கம்பெனியில் பழுதுக்குக் காரணம் தேடுவதுபோல நோட்டில் மிஷின், மெட்டீரியல், மெத்தட், ஆள் என்று நாலு கட்டம் போட்டு விசாரணையை ஆரம்பித்தார். மிஷின், அதாவது மோட்டார், சரியாக ஓடியது. மெட்டீரியலில், அதாவது உப்பிலும் மணலிலும், குறையில்லை. மெத்தடும் சரி. மீதமிருந்தது ஆள். பகலில் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விடுவார்கள், நான் ஸ்கூலுக்கு. வீட்டிலிருந்த ஒரே ஆள் சித்தி.

"உனக்குப் புடிக்கலன்னா நேராச் சொல்லு. மண்ண அள்ளிப் போடற வேலையெல்லாம் வேணாம்."

"நான் எதுக்குங்க அதுல கை வெக்கறேன்? அந்த வாடையே எனக்கு ஆவாது."

"அப்ப பாப்பாவா போட்டா?"

"கொழந்தய இழுக்காதீங்க" என்றாள் சித்தி.

பாப்பா என்றது என்னைத்தான். எனக்கு அப்போது எட்டு வயது. யார் போடுவது என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். அன்று சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து, தொட்டிக்கு எதிரே அசையாமல் உட்கார்ந்து பார்த்திருந்தேன். அந்த மீன் வாய் நிறைய மணலை அள்ளி, சாவகாசமாக மேலே நீந்திப் போய், பவளத்துக்கு மேலே நின்று துப்பியது. துப்பிவிட்டு மறுபடி கீழே வந்தது. நாள் முழுக்க அதற்கு அதே வேலை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பவளத்தை அது தொடவே இல்லை. சொன்னால் மீனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்களே என்று நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

மறுநாள் சித்தப்பா கம்பெனியிலிருந்து மஞ்சள் டேப் கொண்டுவந்து தொட்டியைச் சுற்றித் தரையில் ஒட்டினார். கோட்டைத் தாண்டக் கூடாது. சித்தி அடுத்த ஒரு வாரமும் அந்தக் கோடுவரை மட்டும் பெருக்கித் துடைத்தாள். மணல் நிற்கவில்லை. இரண்டு பவளம் செத்துப்போயிற்று. சித்தப்பா அவளோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார். தட்டில் சோறு போட்டால் சாப்பிடுவார், அவ்வளவுதான்.

பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. லீவு போட்டுவிட்டு ஹாலிலேயே பாயில் அசையாமல் படுத்திருந்தார். மீன் அவரைக் கண்டுகொள்ளாமல் வெளியே வந்து வேலையைத் தொடங்கியது. சித்தப்பா எழுந்து உட்கார்ந்து கைதட்டிச் சிரித்தார்.

"இங்க வா, வந்து பாரு! இந்தத் திருட்டுப் பயதான் போடறான்!"

காய்ச்சலோடு காய்ச்சலாக அவரே குனிந்து டேப்பை உரித்தார். அவ்வளவு சந்தோஷம். சித்தி வந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். "எனக்கு மொதல்லயே தெரியும் சித்தி" என்றேன் பெருமையாக. அவள் என்னைத் திட்டவில்லை. உள்ளே போய் நாலு புடவையைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தாள். தளியில் அவள் அம்மா வீடு.

"அதான் நீ இல்லன்னு தெரிஞ்சிடுச்சே! இப்ப எதுக்குக் கோவம்?"

"மீனு வந்து சொல்லித்தான் தெரியணுமாங்க?"

அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சித்தப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். திட்டு வாங்கியபோதெல்லாம் போகாதவள், தன்மேல் தப்பு இல்லை என்று ஆன அன்றைக்குப் பார்த்து ஏன் போகிறாள் என்று இரண்டு பேருக்கும் விளங்கவில்லை.

நான் வாயைத் திறக்காததால்தான் சித்தி போய்விட்டாள் என்று பல வருஷம் மனசு உறுத்திக்கொண்டிருந்தது. இன்று அப்படித் தோன்றவில்லை. சித்தியைச் சந்தேகப்பட்டுக் கேட்ட அன்று நான் சொல்லியிருந்தால், சித்தப்பா அப்போதே கைதட்டிச் சிரித்திருப்பார். சித்தியும் அன்றைக்கே பையை எடுத்திருப்பாள்.