பூட்டு கையில், சாவி பெட்டியில்

தெருவில் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பார்த்தது என்னவோ கம்ப்யூட்டர் வைத்தியம். இருபத்திரண்டு வருஷம், மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு எட்டடி அறை, ஒரு மேசை விளக்கு, தூசி தட்ட நாலு பழைய பல் பிரஷ். செத்த மெஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் தவறாமல் சொல்வாள்: "எதையும் காப்பி எடுத்து ரெண்டு இடத்துல வைங்க. அப்புறம், பூட்டையும் சாவியையும் ஒரே பையில போடாதீங்க."

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தொண்டையில் ஆபரேஷன், அப்புறம் குரல் திரும்பாது என்று சொல்லி டாக்டர்கள் தேதி குறித்ததும் அவள் தன் லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தாள். "வேணுங்கறதையெல்லாம் இப்பவே பேசிடுங்க."

பேசினார். 'தண்ணி குடு.' 'வாசல்ல யாரு, பாரு.' 'க்ளட்ச்சை விடாத, என் உசுரு என்கிட்டயே இருக்கட்டும்.' முந்நூறு வாக்கியம். பிற்பாடு அவர் பட்டனைத் தட்ட, லேப்டாப் அவர் குரலில் அவளைத் திட்டும். அவளும் லேப்டாப்பைப் பார்த்தே திருப்பித் திட்டுவாள்.

பதிவு முடிந்த அன்று, "இன்னொரு காப்பி எடுத்து வெச்சுடறேன்" என்றாள்.

"ஒரு புருஷனை வெச்சே நீ படற பாடு போதாதா? காப்பி வேறயா?"

சிரித்துவிட்டாள். எடுக்கவில்லை. அவர் போய் எட்டு மாதமாகியும் எடுக்கவில்லை. எடுக்க உட்கார்ந்தால் அந்தப் பேச்சு வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். ஊருக்குத்தானே உபதேசம்.

மகள் வீட்டோடு போய்விடலாம் என்று கடையை மூடினாள். புறப்பட இரண்டு நாள் இருக்கையில் விமானக் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. போனைவிடப் பெரிய கருவி எதுவும் கையோடு வரக்கூடாது. பெட்டியில் போட்டு அனுப்பிவிட வேண்டும்.

அவள் அசரவில்லை. லேப்டாப்புக்குள்ளே குரல் இருந்த டிஸ்க்குக்கு முதலில் பூட்டுப் போட்டாள். யார் கையில் சிக்கினாலும் திறக்காது. அந்த லேப்டாப்பை விட்டுக் கழற்றினால் நாற்பத்தெட்டு இலக்க எண் கேட்கும். எண்ணை நீல மசியில் ஒரு சீட்டில் எழுதி, டிஸ்க் கழற்றிய லேப்டாப்போடு பெட்டியில் வைத்தாள். உள்ளங்கையளவு டிஸ்க் இடுப்புப் பையில். எண்ணைப் போனில் படம் எடுக்கவில்லை; போனும் அதே இடுப்பில்தானே இருக்கப்போகிறது.

"லேப்டாப் இருக்கா மேடம்?" என்றாள் விமான நிலையத்தில் பெட்டி எடை போடுகிறவள்.

"உடம்பு பெட்டியில. உசுரு என்கிட்ட."

அந்தப் பெண் சிரிக்காமல் பெட்டியில் விமான லேபிளை ஒட்டினாள்.

ஏழு மணி நேரமும் டாக்டரம்மாவின் கை இடுப்பை விட்டு அகலவில்லை. இறங்கினால் பெட்டி வரவில்லை. நாலாம் நாள் வந்தது. எந்த மழையில் கிடந்ததோ, திறந்ததும் குப்பென்று ஊறல் வாடை. லேப்டாப் மட்டும் எழுந்தால் டிஸ்க்கைத் திரும்ப அதிலேயே மாட்டிவிடலாம், எண்ணே வேண்டாம். பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் வைத்து இரண்டு நாள் போராடினாள். எழவில்லை. சீட்டில் முப்பத்தாறு இலக்கம் தெரிந்தது. கடைசிப் பன்னிரண்டும் ஒரே நீலக் கறை.

"பன்னெண்டுதானே அத்தை, ஒவ்வொண்ணா போட்டுப் பார்க்கலாமே" என்றார் மாப்பிள்ளை.

"பார்க்கலாம் மாப்பிள்ளை. சில ஆயிரம் வருஷம் நான் இருந்தா."

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா போட்டோ என்கிட்ட நிறைய இருக்கும்மா."

"போட்டோ திட்டாதேடி."

இப்போதும் பகலில், வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போனபின், மகளின் பழைய கம்ப்யூட்டரில் டிஸ்க்கை மாட்டுகிறாள். முப்பத்தாறு இலக்கமும் மனப்பாடம். சீட்டைப் பார்க்காமலே அடிக்கிறாள். அதற்குமேல் விரல் நிற்கிறது. நேற்று அப்படி நின்றபோது வாசல் மணி அடித்தது. யாரென்று பார்க்கச் சொல்ல ஆளில்லாமல், அவளாகவே எழுந்து போனாள்.