இடது முன்னங்கால்

அந்தக் குதிரை பதுளை ஸ்டேஷனுக்கு கூட்ஸ் பெட்டியில் வந்தது. பந்தயத்துக்கென்று வளர்த்த பெண் குதிரை. வேகம் போதாது என்று கழித்துவிட்டதை எங்கள் வெள்ளைக்காரப் பெரிய தொர வாங்கியிருந்தார். வயது நாலு. செம்பட்டை நிறம், நெற்றியில் விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. கூட்டிப்போக நான் தோட்டத்திலிருந்து நடந்து வந்திருந்தேன்.

கதவைத் திறந்த பிறகும் அது இறங்கவில்லை. ஸ்டேஷன் ஆட்கள் பின்னாலிருந்து தட்டினார்கள், உதைக்கப் பார்த்தது. எல்லாரையும் விலகச் சொல்லிவிட்டு நான் உள்ளே போய்ப் பக்கத்தில் சும்மா நின்றேன். வேர்த்து, தொடைச் சதை நடுங்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து என் தோளில் மூக்கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டது. கயிற்றைப் பிடித்து நடந்தேன், கூடவே இறங்கியது. ஸ்பிரிங்வெளிப் பாதையில் மேலே ஏறும்போது பஸ் வந்தால் போதும், அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்க்கும்.

அறுபத்திரண்டோ அறுபத்துமூன்றோ இருக்கும். ஸ்பிரிங்வெளிக்கும் மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் குதிரைக்காரன். எனக்கு முன்னால் என் அப்பா அங்கே குதிரைக்காரர். அந்தக் காலத்தில் தொர குதிரையில் தேயிலை மலை வேலையைப் பார்க்கப் போவார், குதிரைக்காரன் பின்னால் ஓட வேண்டும். தொர இறங்கும் இடத்தில் மூச்சு வாங்காமல் நின்று கடிவாளத்தைப் பிடிக்க வேண்டும். அப்பா முப்பது வருஷம் அப்படி ஓடினார். ஒரு தடவைகூட ஏறி உட்கார்ந்ததில்லை. நெஞ்சு நோவில் அவர் செத்தபோது குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருவன். அவர் உள்ளங்கால் குளம்பு மாதிரி காய்த்திருந்தது.

நான் ஏறி உட்கார்ந்தது தொரைக்கு நேர்ந்த விபத்தால். ஜீப் சரிவில் புரண்டு அவருக்கு இடுப்பு முறிந்தது. இனிமேல் குதிரை ஏறக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் புதுக்குதிரையைச் சும்மா நிறுத்திவைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒருநாள் காலை பங்களா வராந்தாவில் கைத்தடியோடு நின்று, "நீ ஏறு" என்றார். எனக்கு விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று தோன்றியது.

"நானுங்களா?"

"வேற யாரு இருக்கு? ஏறு."

ஏறினேன். அது திரும்பி என் முழங்காலை மோந்து பார்த்துவிட்டு நடந்தது.

ஒரு வருஷம் தினமும் ஏறினேன். தொர நாற்காலியில் இருந்தபடியே கத்துவார். கை கீழே, முதுகு நேரே, குதிரையின் வாயை இழுக்காதே. முதலில் தரையில் கிடத்திய சவுக்கு மரத்தைத் தாண்டவைத்தோம், பிறகு முழங்கால் உயரம், பிறகு இடுப்பு உயரம். அதற்குத் தாண்டுவது பிடித்திருந்தது. தூரத்தில் மரத்தைக் கண்டதும் காது இரண்டும் முன்னால் விறைக்கும். பயந்த பிராணிதான், ஆனாலும் நான் மேலே இருந்தால் எதையும் கேட்காமல் போகும்.

பதுளையில் தொரைமார் கூடும் மைதானத்தில் அந்த வருஷம் புதுக்குதிரைகளுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். முதல்நாள் காலையில் கயிறு கட்டிய சதுரத்துக்குள் நடை, மெல்லோட்டம், வட்டம் என்று குதிரையின் அடக்கத்தைக் காட்ட வேண்டும். மத்தியானம் பத்தனைப் புல்வெளி வழியாக இரண்டு மைல் ஓடி, வழியில் மரக்கட்டை, மழைத்தண்ணீர் வடிய வெட்டிய கான், ஓடை எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். இரண்டாம் நாள் மைதானத்துக்குள் சாயம் பூசிய கம்புகளைத் தட்டாமல் தாண்ட வேண்டும். மூன்றையும் கூட்டி யார் முதல் என்று சொல்வார்கள். குதிரை புதிதாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. யார் ஓட்டலாம் என்று ஒன்றும் எழுதியிருக்கவில்லை. குதிரைக்காரன் ஓட்டுவான் என்று எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

தொர தன்னுடைய பழைய கோட்டைக் கொடுத்தார். தோள் தொங்கியது. என் மனைவி இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள். தைத்துக்கொண்டே கேட்டாள்.

"விழுந்து கையக் கால ஒடிச்சிக்கிட்டா என்னா செய்றது?"

"விழ மாட்டேன்."

"அது விழுந்துட்டா?"

நான் எழும்பி லாயத்துக்குப் போய்விட்டேன்.

முதல்நாள் காலை சதுரத்துக்குள் போனபோது எங்களைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். குதிரை நன்றாக நடந்தது. வட்டம் மட்டும் ஒன்று கோணலாகிவிட்டது. பத்துக் குதிரைகளில் ஐந்தாவது என்று பலகையில் எழுதினார்கள்.

மத்தியானம் பத்தனை ஓரத்தில் ஆட்கள் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் பாதிப்பேர் நடந்தே வந்திருந்தார்கள். பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, திருவிழா பார்ப்பது மாதிரி. நான் முதல் கட்டையைத் தாண்டியதும் ஒரு சத்தம் எழும்பியது.

"நம்ம ஆளு! நம்ம ஆளு!"

அதுவரை அப்படி ஒரு சத்தத்தை நான் எனக்காகக் கேட்டதில்லை. கல்யாணத்தில்கூட இல்லை. குதிரைக்கும் அது கேட்டிருக்க வேண்டும், காதைத் திருப்பியது, பிறகு இன்னும் வேகமெடுத்தது. ஓடையில் இறங்கிக் கரையேறினோம். பெரிய கானைத் தாண்டி இறங்கிய இடத்தில் புல்லுக்குள் ஒரு கல் கிடந்திருக்கும் போல. இடது முன்னங்கால் ஒரு தடவை சறுக்கி, ஒரு அடி தப்பியது. உடனே சரிப்படுத்திக்கொண்டு ஓடியது. நானும் விட்டுவிட்டேன். ஒரு நொடி கடிவாளத்தை இழுத்து நடக்கவிட்டுப் பார்த்திருக்கலாம். இழுக்கவில்லை. ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஒரு தடைகூடத் தவறாமல் முடித்தோம். வேறு நாலு குதிரைகள் ஓடையில் மறுத்து நின்றுவிட்டன, இரண்டு பேர் விழுந்தார்கள். சாயந்தரம் பலகையில் எங்களை இரண்டாவதாக எழுதினார்கள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும், குதிரைகளைக் கட்டியிருந்த தகரக் கொட்டகைக்குப் போனேன். தொரைமார் யாரையும் காணவில்லை. குதிரை என்னைப் பார்த்து மெதுவாகக் கனைத்தது. குனிந்து ஒவ்வொரு காலாகத் தடவிக்கொண்டு வந்தேன். இடது முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் ஓடும் நரம்பு சூடாக இருந்தது. வீக்கம் என்று சொல்ல முடியாது, மற்றக் காலைவிடக் கொஞ்சம் பருமன். விரலால் அமுக்கினேன். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

குதிரைக்காரன் மகனுக்கு அதற்கு மேல் ஒன்றும் பார்க்க வேண்டியதில்லை. நரம்பு சூடானால் குதிரையை அசைக்கக்கூடாது. வாரக்கணக்கில் ஓய்வு, அதற்குப் பிறகுதான் நடை. எனக்கு அது என் பெயரைப் போலத் தெரியும்.

மிருக டாக்டர் வருவார், எல்லாக் குதிரைகளையும் நடக்கவிட்டுக் காலைத் தொட்டுப் பார்ப்பார், சுகமில்லாததை நிறுத்திவிடுவார். அப்படி ஏற்பாடு. நான் வாளியை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். பதுளைப் பக்கத்து ஓடைத் தண்ணீர் விடியற்காலையில் கையை வெட்டும். வாளி வாளியாகக் கொண்டுவந்து அந்தக் காலில் ஊற்றினேன். சாக்கை நனைத்துச் சுற்றினேன். மறுபடி ஊற்றினேன். குதிரை அசையாமல் நின்றது. வலி குறைந்திருக்கும். நான் அதற்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்ததோ என்னவோ, என் தலைமயிரை மோந்துகொண்டே இருந்தது.

டாக்டர் வரும் முன்னால் நாலு காலையும் ஒரே மாதிரித் துடைத்துவிட்டேன். அவர் நடக்கவிடச் சொன்னார். நடந்தது. குளிரில் மரத்த கால் நொண்டவில்லை. தொட்டுப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார். தொர கைத்தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"கால் நல்லதா?"

"நல்லா இருக்குங்க தொர."

"நிச்சயம்?"

"நிச்சயங்க."

அவர் குதிரையின் கழுத்தைத் தட்டினார். பிறகு, "சரி, போ" என்றார்.

மைதானத்தில் ஒன்பது தடைகள். முதல் நாலையும் சுத்தமாகத் தாண்டினோம். எங்களுக்கு முன்னால் இருந்த குதிரை இரண்டு கம்புகளைத் தட்டியிருந்தது. நான் தட்டாமல் முடித்தால் முதலிடம். ஐந்தாவதுக்குத் திரும்பும்போது அதன் நடை மாறியது. காது பின்னால் போனது. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அது எனக்கு மாட்டேன் என்று சொன்னது. நான் குதிகாலால் அடித்தேன். அடித்ததும் போனது.

இறங்கும்போது சத்தம் கேட்டது. நனைந்த கயிறு அறுந்த மாதிரி. குதிரை மூக்குக் குத்தி விழுந்தது, நான் அதன் தலைக்கு மேலே போய் விழுந்தேன். எழும்பிப் பார்த்தபோது அது மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது. இடது முன்னங்கால் குளம்புக்கு மேலே துணி மாதிரி மடிந்து தொங்கியது. எங்கேயும் ஓடவில்லை. நொண்டி நொண்டி என்னிடம்தான் வந்தது.

அன்று யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எலும்பு முறியவில்லை, நரம்புதான், பார்ப்போம் என்று டாக்டர் சொன்னார். காலைக் கட்டி, லொறியில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தோம். மூன்று மாதம் நான் லாயத்திலேயே கிடந்தேன். ஒத்தடம், பற்று, கட்டு. என் மனைவி சோற்றைக் கொண்டுவந்து வைப்பாள். ஒருநாள் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொரைக்குப் பயந்துதான் சொல்லாமல் விட்டேன் என்றும் சொன்னேன்.

"பயமா?" என்றாள். "தொர கேட்டாருல்ல? கேக்கையில சொல்லியிருக்கலாம். ஒங்களுக்கு ஓடணும்னு இருந்துச்சி. அத மொதல்ல ஒத்துக்கங்க."

கால் ஆறவில்லை. பாரத்தை எல்லாம் மற்றக் காலில் போட்டுப் போட்டு அந்தக் குளம்பும் கெட்டுப்போனது. பிறகு அது படுத்தே கிடந்தது, விலாவில் புண் வந்தது. டாக்டரை மறுபடி அழைத்தார்கள். எருக்கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டச் சொன்னார்கள். அங்கே வரைக்கும் அதை நடத்திப்போக என்னைத் தவிர யாராலும் முடியவில்லை. ஐம்பது கஜ தூரத்துக்கு அரைமணி நேரம் ஆனது. குழி விளிம்பில் நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் துப்பாக்கியை நெற்றியில் வைக்கும்போது அது அவரைப் பார்க்கவில்லை. பஸ் சத்தத்துக்கு ஒளிந்த மாதிரி என் தோளுக்குப் பின்னால் தலையைக் கொண்டுவரப் பார்த்தது. நான் கயிற்றை இழுத்து நேராக்கினேன்.

தொர அங்கே வரவில்லை. பங்களாவிலேயே இருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து அவர் ஊருக்கே போய்விடத் தீர்மானித்தார். சாமான்களைப் பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்த நாளில் நான் பங்களாவுக்குப் போனேன். அதைச் சொல்லாமல் அவரை அனுப்பிவைக்க என்னால் முடியவில்லை.

"தொர, அன்னைக்குக் காலையில கால் சூடா இருந்திச்சிங்க. நான் தண்ணி ஊத்தி மறைச்சிட்டேன்."

அவர் பெட்டி மூடியைப் பிடித்தபடி நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றார். "நீ வர முன்னால நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். சூடு."

மூடியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன். நீ நல்லா இருக்கு சொன்னது. எனக்கும் அது போதும்."

அவ்வளவுதான். அவர் மறுபடி பெட்டிக்குள் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தார். நான் படியிறங்கி வந்துவிட்டேன். பாரம் குறையும் என்று போனவன் நான். குறையவில்லை. இரண்டு பேரில் ஒருவன் வாயைத் திறந்திருந்தால் போதும் என்பது கூடச் சேர்ந்துகொண்டது.

அடுத்து வந்த தொர குதிரை வைத்திருக்கவில்லை. லாயத்தில் உர மூட்டை அடுக்கினார்கள். எனக்குக் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்து மலைக்கு அனுப்பினார்கள். தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகும் தேயிலை வெட்டுகிற அந்த வேலையில்தான் இருந்தேன்.

கவ்வாத்துக்காரர்கள் அந்தப் போட்டியைப் பற்றி வருஷக்கணக்காகப் பேசினார்கள். தொரைமாரோடு நம்ம ஆள் ஓடினான், ஜெயித்துவிடுவான் என்று தெரிந்ததும் தொரைமார் வேண்டுமென்றே கம்பை உயர்த்தி வைத்துக் குதிரையின் காலை உடைத்துவிட்டார்கள். இதுதான் அவர்கள் கதை. நான் மறுத்ததில்லை. ஒருநாள் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில், புதிதாக வந்த ஒருவனுக்கு அதை மறுபடி சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை.

"யாரும் கம்ப ஒசத்தல. கால் கெட்டிருந்திச்சி. எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் ஓட்டுனேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வயதில் மூத்த ஒருவர் எழும்பி வந்து என் தோளில் கைவைத்தார்.

"விடுங்க. தொரமாரக் காட்டிக் குடுக்க ஒங்களுக்கு மனசு வராது. அது எங்களுக்குத் தெரியாதா?"

மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். புதிதாக வந்தவன் என்னை மரியாதையோடு பார்த்தான். கங்காணி நேரமாகிவிட்டது என்று சத்தம் போட்டார். கத்தியை எடுத்துக்கொண்டு என் நிரைக்குப் போனேன்.