குடலோடு கொடுக்கப்பட்டவரின் மகன்

ஏனோகா ஆகுனா 1941ஆம் ஆண்டு பிப்ரவரி ஒன்பதாம் நாள், ஹவாய்த் தீவின் ஹீலோவுக்கு வடக்கே கரும்பாலைக் குடியிருப்பின் பதினான்காம் எண் வீட்டில் பிறந்தார். தந்தை காவிகா ஆகுனா, ஆலையில் கொதிகலன் பார்த்தவர். தாய் மரியா, போர்த்துகீசிய மேற்பார்வையாளர் ஒருவரின் மகள். இவை மூன்றுக்கும் தாள் இருக்கிறது. மூன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இங்கே எழுதுகிறேன். இனி வரப்போவதில் ஒரு செய்திக்கு மட்டும் தாள் இல்லை. அது இல்லாமற்போனதுதான் ஏனோகா அண்ணனின் பிற்கால வாழ்க்கை.

பதினேழு வயதில் அவரும் ஆலைக்குள் போனார். பற்றவைப்பு வேலை, முப்பத்தாறு ஆண்டுகள். 1986இல் ஆட்குறைப்பு தொடங்கியபோது அண்ணி ஐலீன் இரண்டு மகள்களையும் அழைத்துக்கொண்டு லாஸ் வேகாசுக்குக் குடிபெயர்ந்தார். அண்ணன் போகவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "அங்க மழையே கிடையாதாம். கூரை மேல சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் பிடிக்காது" என்று சொல்லிச் சிரிப்பார். உண்மைக் காரணம் வேறு. 1973இல் அவர் நிலத்துக்கு மனுக் கொடுத்திருந்தார். தீவை விட்டுப் போனால், முறை வருகிற நாளில் ஆள் இல்லை என்று தள்ளிவிடுவார்களோ என அஞ்சினார்.

அந்த நிலம் எங்கள் இனத்தவருக்கென்று ஒதுக்கப்பட்டது. ரத்தத்தில் பாதிக்குக் குறையாமல் ஹவாயியாக இருப்பவர் மனுச் செய்யலாம்; பிறகு காத்திருக்கலாம். காத்திருப்போர் பட்டியலிலேயே இறந்துபோனவர்கள் எங்கள் குடும்பத்தில் மட்டும் ஆறு பேர்.

1994இல் ஆலை மூடியது. அடுத்த ஆண்டு குடியிருப்பை இடித்தார்கள். அண்ணன் பழைய லாரியில் தார்ப்பாய்களை ஏற்றிக்கொண்டு கெயாவே முனைக்கு இறங்கினார். கோடைதோறும் எங்கள் குடும்பம் ஒரு வாரம் முகாம் போடுகிற கடற்கரை அது. எல்லோரும் ஒரு வாரத்தில் திரும்பினார்கள். அவர் அங்கேயே தங்கினார்.

கெயாவே முனையில் மழை விட்டுவிட்டுப் பெய்வதில்லை. பெய்துகொண்டிருக்கும்போது சில நேரம் மெலிகிறது. தரை என்பது உறைந்த எரிமலைக் குழம்பு, மேலே ஒரு விரற்கடை மண். அண்ணன் சிமென்ட் நிரப்பிய வர்ண டப்பாக்களில் கம்பங்களை நிறுத்தியிருந்தார். கயிறுகளைக் கருங்கற்பாறைகளில் கட்டி, கல் அறுத்துவிடாமல் பழைய ஜீன்ஸ் துணியை இடையில் கொடுத்திருந்தார். ஆலையிலிருந்து வந்த, சரக்கு அடுக்கும் மரத் தட்டுகளைப் பரப்பி அதன்மேல்தான் படுக்கை. கீழே தண்ணீர் ஓடும் சத்தம் எப்போதும் கேட்கும். அரிசியும் சட்டையும் மூடியிட்ட வாளிகளில். கம்பளி மட்டும் ஒருநாளும் காய்ந்ததில்லை.

முகாமுக்கான அனுமதி ஏழு நாளுக்குத்தான். ஏழாம் நாள் நண்பகலில் எல்லாவற்றையும் பிரித்து ஏற்றிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்து மறுபடி அனுமதி வாங்கிக் கட்டலாம். ஆண்டுக்கு நாற்பது முறை அவர் தம் வீட்டைக் கட்டிப் பிரித்தார். பிரிக்க வேண்டாத ஒரு கூரை: அவர் வேண்டியது இவ்வளவுதான்.

1996 பிப்ரவரியில் கடிதம் வந்தது. அவருடைய முறை வந்துவிட்டது. மேட்டு நிலத்தில் அரை ஏக்கர். செப்டம்பர் முப்பதுக்குள் ரத்தத்துக்கான தாள்களைக் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் தாள் இல்லாத செய்தி வருகிறது.

அண்ணனின் தந்தை காவிகாவைப் பெற்றவர்கள் என் தாத்தாவும் பாட்டியும். இருவருமே கலப்பில்லாத ஹவாயியர். என் தந்தை காவிகாவுக்கு அடுத்த தம்பி. பாட்டியின் தங்கைக்குப் பிள்ளை இல்லை. அவளை மணந்தவர் ஆகுனா என்ற சீனக் கடைக்காரர். 1919இல் காவிகா பிறந்ததும் தொப்புள்கொடி விழுவதற்குள் தங்கையிடம் கொடுத்துவிட்டார்கள். எங்களிடையே பிள்ளை கொடுப்பது புதிதல்ல. ஆனால் கொடுப்பதிலும் இரண்டு வகை உண்டு. வளர்க்கக் கொடுத்தால் கேட்டு வாங்கலாம். "குடலோடும் குடலில் இருப்பதோடும் உனக்கே" என்று சொல்லிக் கொடுத்தால் திரும்பக் கேட்கக் கூடாது. நம் பிள்ளை என்று வாயால் சொல்லவும் கூடாது. பாட்டி அந்தச் சொல்லைச் சொல்லித்தான் கொடுத்தார். இரண்டு ஆண்டு கழித்து ஆகுனா ஹீலோவுக்குப் போய்ப் பிறப்பைப் பதிந்தார். தகப்பன் யார் என்று கேட்டதற்குத் தம் பெயரைச் சொன்னார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பு அவருக்கு இருந்திருக்காது.

ஆக, தாளின்படி காவிகா பாதிச் சீனர். அவர் மகன் ஏனோகா ஹவாயி ரத்தத்தில் நான்கில் ஒரு பங்கு. உண்மையின்படி சரியாகப் பாதி. நடுவே கிடந்தது அந்த அரை ஏக்கர்.

ஐந்து மாதம் தேடினேன். ஞானஸ்நானப் பதிவேட்டிலும் ஆகுனாவின் பெயரே இருந்தது. ஆலை மருத்துவரின் குறிப்புகளைக் கறையான் தின்றிருந்தது. பிள்ளை கைமாறியதை நேரில் கண்டவர் ஒருவர்தான் உயிரோடு இருந்தார்: காவிகாவுக்கும் என் தந்தைக்கும் மூத்தவரான எமலீனா அத்தை. அப்போது அவருக்குப் பத்து வயது. இப்போது எண்பத்தேழு. அவர் நோட்டரி முன்னால் ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்திட்டால் நில அலுவலகம் ஏற்கும் என்று எழுத்தில் பதில் வாங்கினேன்.

ஜூலைக் கடைசியில் குடும்ப முகாம். என் கணவர் பிலிப்போ வங்கியில் வேலை செய்பவர், நோட்டரியும் அவரே. முத்திரையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தார். அத்தையை நாற்காலியோடு தூக்கி அண்ணனின் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார வைத்தோம்.

"என்னடா ஏனோகா, சேம்புக் கூழ் இவ்வளவு தண்ணியா இருக்கு? மழையில வெச்சுப் பிசைஞ்சியா?" என்றார் அத்தை, விரலை நக்கியபடி.

"வானத்துல இருந்து வர்றத வேணாம்னு சொல்ல முடியுமா அத்தை?"

"உன் மாப்பிள்ளை கோட்டைக் கழட்டவே மாட்டேங்கறான் பாரு. உள்ளே என்ன, பூனைக்குட்டியா?"

பிலிப்போ நெளிந்தார். "இல்ல அத்தை, முத்திரை. லொகே சொல்லுவா."

நான் வாக்குமூலத்தைப் படித்தேன். ஒன்பது வரிகள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. படித்து முடிக்கும்வரை அத்தை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தார்ப்பாய் நடுவில் தண்ணீர் தேங்கி வயிறுபோல் தொங்கியது. அண்ணன் துடைப்பக் கட்டையால் அதை மேலே தள்ளினார். தண்ணீர் ஒரு பக்கமாகக் கொட்டியது.

"இதுல எங்கயாவது தப்பு இருக்கா அத்தை?" என்று கேட்டேன்.

"ஒரு எழுத்துகூடத் தப்பு இல்ல. நான்தான் குழந்தையத் தூக்கிட்டுப் போனேன். சித்தி மடியில வெச்சேன். அம்மா அந்த வார்த்தையச் சொன்னாங்க. அப்பறம் என் பக்கம் திரும்பி, இனிமே இவன் உனக்குத் தம்பி இல்ல, சித்தி பிள்ளைன்னாங்க. நான் தலையாட்டினேன்."

"அப்ப கையெழுத்துப் போடுங்க."

"போட மாட்டேன்."

பிலிப்போ எடுக்கப்போன முத்திரையை மறுபடி கோட்டுக்குள் செருகினார்.

"உண்மைதானே அத்தை?" என்றேன்.

"உண்மைதான். இல்லேன்னு யாருடி சொன்னா? காவிகா செத்தப்ப நான் எங்க உக்காந்தேன் தெரியுமா? மூணாவது வரிசை. கூடப் பிறந்தவளா முதல் வரிசையில உக்கார எனக்குத் தெரியாதா? அழுகைய அடக்கிக்கிட்டு உக்காந்தேன். அத்தனையும் அடக்கிட்டு இப்ப ஒரு தாளுக்காக எடுத்துக் கொட்டச் சொல்றியா?"

"இவருக்கு வீடு இல்ல அத்தை. வாராவாரம் பிரிச்சுப் பிரிச்சுக் கட்டறாரு."

"எனக்குக் கண்ணு தெரியுதுடி."

அண்ணன் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு அத்தையின் காலடியில் மரத் தட்டில் உட்கார்ந்தார். அவர் கெஞ்சி நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

"அத்தை, கல்லறையில என்னைப் படுக்க வெக்கறப்ப யாரும் ரத்தம் கேக்க மாட்டாங்க. உசுரோட படுக்கத்தான் கேக்கறாங்க. ஒரு கையெழுத்து. பாட்டி இருந்திருந்தா அவங்களே போட்டிருப்பாங்க."

"மாட்டா. உனக்கு அவளைத் தெரியாது." அத்தை அவர் தலையில் கை வைத்தார். "உன் தாத்தா ஆகுனா உன்னைத் தோள்ல தூக்கிட்டுக் கடைக்கும் ஆத்துக்கும் நடந்தாரே, ஞாபகம் இருக்கா? உனக்குப் பல்லு முளைச்சப்ப கடைய மூடிட்டு ஊருக்கே சோறு போட்டாரு. நான் இதுல கையெழுத்துப் போட்டா அந்த மனுசன் யாரு? பிள்ளை இல்லாதவன். செத்தவன்கிட்ட இருந்து பிள்ளையப் பிடுங்கச் சொல்றியா? கொடுத்தவங்க நாங்கடா. குடலோட கொடுத்தோம்."

அண்ணன் மேலே பார்த்தார். தார்ப்பாய் மறுபடி தொங்கத் தொடங்கியது.

"ஞாபகம் இருக்கு அத்தை" என்றார் கடைசியில். "பிளம் ஊறுகாய் வாசம் அடிக்கும் அவர் சட்டையில." பிறகு எழுந்து துடைப்பத்தை எடுத்தார்.

அந்த வாரம் முழுவதும் அவர் அத்தைக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். ஒபிஹி மட்டிகளைப் பாறையிலிருந்து பெயர்த்து வந்து சுட்டுக் கொடுத்தார். மழைச் சாரல் பக்கம் மாறும்போதெல்லாம் நாற்காலியையும் மாற்றி வைத்தார். வாக்குமூலத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. முத்திரை பையிலேயே ஹீலோவுக்குத் திரும்பியது.

ஆகஸ்டில் ஒரு பிற்பகல் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஈரச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வராமல் நின்றார்.

"லொகே, பாட்டி சாகறப்ப உனக்கு என்ன வயசு?"

"நாலு."

"நாலு வயசுப் பிள்ளைக்குக் காது கேக்கும்ல? பாட்டி வாயால சொல்லிக் கேட்டேன்னு நீ எழுதிக் கொடு. நீ எழுதினா நம்புவாங்க. குடும்பத்துல எல்லாத் தாளும் உன்கிட்டதான்னு அவங்களுக்கே தெரியும்."

"பாட்டி எதுவும் சொல்லலண்ணா. சொல்ல மாட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும். அத்தை அப்பாகிட்ட சொல்லி, அப்பா என்கிட்ட சொன்னாரு. அதை அப்படியே எழுதறேன்."

"அது போதுமா?"

"போதாது."

அவர் தலையை ஆட்டினார். "நீ எழுத மாட்டேன்னு தெரியும். இருந்தாலும் கேக்காம விடக் கூடாதுன்னு வந்தேன்." பிலிப்போ சாப்பிடக் கூப்பிட்டார். "இல்ல மாப்ள, இன்னிக்கு ஏழாம் நாள். நனைஞ்சது எல்லாம் லாரியில கெடக்கு" என்று போய்விட்டார்.

என் தந்தை சொல்லக் கேட்டதை உள்ளபடியே எழுதி அனுப்பினேன். நேரில் கண்டவர் வாக்கு அல்ல என்பதால் ஏற்க இயலவில்லை என்று பதில் வந்தது. மரியாதையான கடிதம், விதிப்படி பார்த்தால் அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அக்டோபர் இரண்டாம் வாரத்தில், மனு நீக்கப்பட்டது என்ற அறிவிப்பு என் முகவரிக்கு வந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு முனைக்கு இறங்கினேன். அண்ணன் கம்பங்களுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுப் படித்தார். ஒருமுறை என்னையும் சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

"இருபத்துமூணு வருசம்" என்றார். "வேகாசுக்குப் போயிருந்தா பிள்ளைங்க வளர்றதையாவது பாத்திருப்பேன்."

"இப்பக்கூடப் போகலாம்ணா."

"இப்பப் போய்? சின்னவ ஃபோன்ல என்னை 'சார்'ங்கறா லொகே."

எமலீனா அத்தை 1998 மார்ச்சில் காலமானார். அடக்கத்தன்று அண்ணன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். முதல் வரிசைக்கு வரும்படி நான் கையசைத்தேன். அவர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார். அத்தையோடு அந்தச் செய்திக்கான கடைசிக் கண்ணும் மண்ணுக்குள் போயிற்று.

அதன் பிறகு எழுதுவதற்கு அதிகம் இல்லை. 2001இல் அவருக்கு மார்ச்சளி கண்டது. எங்கள் வீட்டில் மூன்று வாரம் இருந்தார். உலர்ந்த படுக்கையில் உறக்கம் வரவில்லை என்று திரும்பிப் போனார். 2003 கோடையில் முகாம்களுக்குக் கூட்டம் பெருகியது. ஆகஸ்டில் இரண்டு நாள் வெளியே இருந்துவிட்டு அவர் அனுமதித் தாளோடு இறங்கியபோது, எட்டு ஆண்டுகளாகக் கட்டிவந்த மேட்டில் வெளியூரார் ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள். அனுமதி அவர்களிடமும் இருந்தது. இடத்துக்குப் பெயர் எழுதி வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. நான் சண்டைக்குப் போகப் பார்த்தேன்.

"விடு. அவங்க நனையாம இருந்துட்டுப் போகட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மிச்சமிருந்தது பாறைகளின் கீழ்ப்பக்கம், அலைத் துளி வந்து விழும் பள்ளம். அங்கே கம்பம் நிறுத்தினோம். பிலிப்போவும் நானும் கயிற்றைப் பிடிக்க, அவர் முடிச்சுப் போட்டார். கட்டி முடிப்பதற்குள் தரைத் தட்டுகளுக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டது. அண்ணன் இன்னொரு தட்டை மேலே அடுக்கினார். அது போதவில்லை, மற்றொன்றைத் தேடி லாரிக்கு நடந்தார். லாரியில் வேறு தட்டு இல்லை.

அதே ஆண்டு நவம்பர் பதினொன்றாம் நாள், ஹீலோ மருத்துவமனையில், நுரையீரல் அழற்சியால் இறந்தார். வயது அறுபத்திரண்டு. இறப்புச் சான்றில் முகவரி என்ற இடத்தைக் காலியாக விடக் கூடாது என்றார்கள். என் முகவரியைக் கொடுத்தேன்.