அக்கா சுட்ட ஆப்பிள் பையும் அவர் தொடக் கூடாத தட்டும்

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு நிறையும் இந்நாளில், வந்திருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம்தான் வருகிறது. பொறுக்க முடியாதவர்கள் அக்கா படத்தை மட்டும் பார்த்துவிட்டு இந்த நினைவு மலரை மூடிவிடலாம்.

அக்கா சிலமலையில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, சில வருடம் கழித்து, போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்ட பங்களா ஒன்றில் சமையல் பார்த்த மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாமா குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் செய்துவந்த பலகாரம் ஆப்பிள் பை. வெண்ணெய் விட்டுப் பிசைந்த மைதாவை வட்டத் தகரத்தில் பரப்பி, சர்க்கரையில் வதக்கிய ஆப்பிளை நிரப்பி, மேலே இன்னொரு மாவால் மூடிச் சுடுவார்கள். பட்டையும் கிராம்பும் மாமா வீட்டுப் பக்குவம். ஏலமும் சுக்கும் சேர்த்தது அக்கா.

மாமா இறந்ததும் அக்கா போடிக்கு இறங்கி வந்தார். இருபத்தெட்டு வயது, பிள்ளை இல்லை. மணல் கொட்டிய அண்டாவை அடுப்பில் ஏற்றி, மூடிமேல் கங்கு பரப்பி, அந்தப் பையைச் சுட்டு விற்றே பிழைத்தார். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியதும் அந்த அண்டாதான். ஏலக்காயை முதல்நாளே பொடித்து வைக்கமாட்டார். "வாசம் போனா ஏலம் வெறும் சக்கைடா" என்பார்.

நம் குடும்பத்தில் அந்தப் பலகாரம் இல்லாத சீர் உண்டா? காதுகுத்து, சடங்கு, நிச்சயம், எல்லாவற்றுக்கும் வேண்டும். ஆனால் சீர்த்தட்டை அக்கா தொடக் கூடாது. தாலி அறுத்தவர் செய்த பலகாரம் இனிக்கும், அவர் கை பட்ட தட்டு மட்டும் ஆகாதாம். மாவு பிசைந்தது எந்தக் கை என்று நம்மில் ஒருவராவது கேட்டோமா?

என் மகள் பெரியவளான சடங்கில் முதல் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டிய அத்தை அவர். அன்று விடியலிலிருந்து புகையில் நின்று நான்கு பை சுட்டார். பெரியம்மா சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஆத்தா, நீ சபைக்கு வந்துறாத. தகரத்த இங்கிட்டு கொண்டா, நான் தட்டுல வச்சுத் தூக்கிட்டுப் போறேன்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வெரசா குடுக்கா, நேரமாகுது." அவர் படிக்க வைத்த வாய் பேசிய பேச்சு அது.

"சூடா இருக்கு பெரியம்மா, துணி வச்சுப் பிடிங்க" என்று மட்டும் அக்கா சொன்னார்.

என் மகள்தான் மணையிலிருந்து எழுந்தாள். தட்டிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போய் அத்தைக்கு ஊட்டினாள். "சபையில மானத்த வாங்காத" என்று அவளை அதட்டியதும் நான்தான். "போனாப் போகட்டும்ப்பா" என்றாள். கடைசியில் அக்கா கால் வீங்கிப் படுத்த மாதங்களிலும் உடனிருந்தது அவள்தான். நாமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு சாத்துக்குடியோடு எட்டிப் பார்த்தவர்கள்.

போன வாரம் பெரியம்மா போன் செய்தார். "பேத்தி சீருக்கு வேணும்ய்யா. அந்தப் பக்குவத்த மலர்ல அச்சடிச்சிரு, எல்லாருக்கும் ஆகும்ல." கத்திவிட்டேன். செத்த பிறகும் அக்காவிடம் நமக்கு வேண்டியது அந்தக் கை மட்டும்தானா?

நன்றி சொல்வது முறை. பாடை தூக்கிய பங்காளிகளுக்கும், கொட்டுகிற மழையில் ஜீப்பில் இறங்கி வந்த தோட்டத்துத் தொழிலாளர்களுக்கும் நன்றி.

பக்குவத்தை அக்கா என் மகளுக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பெரியம்மாவிடம் கத்திய நானே, மலரில் போடலாமா என்று அவளிடம் கேட்டேன். "ஒருநாளாச்சும் அந்தத் தட்ட அத்த கையில குடுத்தவங்க இருந்தா வந்து கேக்கச் சொல்லுங்கப்பா, தர்றேன்" என்றாள்.

ஆகவே என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். எனக்கும் அவள் தரவில்லை.